வலிக்கு எத்தனை மாத்திரை?

கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்துக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. மணிமுத்தாற்றங்கரையில் நிற்கும் பழமலைநாதர் கோயில் ஒன்று. பல திசைகளிலிருந்து இருப்புப் பாதைகள் வந்து கூடும் ரயில் சந்திப்பு மற்றொன்று. மூன்றாவது, பீங்கான். அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகச் சுரங்கம் வெட்டும்போது வெண்களிமண்ணும் கிடைக்கிறது. இந்தக் களிமண் இவ்வூரில் பீங்கான் தொழில் வேரூன்றத் துணை செய்தது. பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் இங்கே இயங்குகிறது.

பீங்கான் தொழிலில் இயந்திரங்கள் பல இருக்கின்றன. மூலப்பொருள்களை அரைக்கும் உருளை ஆலை உண்டு. களிமண்ணைப் பிசைந்து தள்ளும் இயந்திரம் உண்டு. ஆயிரம் டிகிரி செல்சியசைத் தாண்டி எரியும் சூளையும் உண்டு. ஆயினும் கூழாக்கிய மண்ணை அச்சில் ஊற்றுவதும், அச்சைப் பிரித்துப் பொம்மையை எடுப்பதும், விளிம்பைச் சீவுவதும், பளபளப்புப் பூச்சில் தோய்ப்பதும் பெரும்பாலும் கைவேலைகளே. கண்ணுக்குப் புலப்படாத மயிரிழை விரிசலையும் பழகிய விரல்நுனி கண்டுபிடித்துவிடும்.

அப்படிப்பட்ட கை ஒன்று இயந்திரத்தில் சிக்கிக் காயம் அடைகிறது என்று வைத்துக்கொள்வோம். அறுந்த நரம்பையும் தசைநாணையும் மருத்துவர் இணைத்துத் தைத்துவிடுகிறார். அறுவைச் சிகிச்சை முடிந்தது. இனி வலி வரும். அதற்கு என்ன மருந்து கொடுப்பது? எவ்வளவு கொடுப்பது? எத்தனை நாளைக்குக் கொடுப்பது?

மிக எளிய கேள்விகளாகத் தோன்றுகின்றன, அல்லவா? இவற்றுக்கு எண்ணிப் பாராமல் விடை சொன்னதால் ஒரு பெரிய நாடே தத்தளித்தது. கையை மட்டுமே சிறப்பாகக் கவனிக்கும் அறுவை மருத்துவர்கள் சிலர் உட்கார்ந்து மாத்திரைகளை எண்ணத் தொடங்கிய பிறகு ஒரு வழி புலப்பட்டது. அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கை என்னும் கருவி

உங்கள் வலக்கையை மேசைமேல் வையுங்கள். அதில் 27 எலும்புகள் இருக்கின்றன. மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. இப்போது இடக்கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு வலக்கை விரல்களை மடக்கி நீட்டுங்கள். முன்கையில் தசைகள் அசைவதை உணர்கிறீர்களா? விரல்களை மடக்கும் வலிமையான தசைகள் முன்கையில்தான் இருக்கின்றன. தசைநாண்கள் என்னும் உறுதியான கயிறுகள் அத்தசைகளின் இழுப்பை விரல்களுக்குக் கொண்டு செல்கின்றன. பொம்மலாட்டக்காரர் மேலிருந்து நூலை இழுக்கக் கீழே பொம்மை கையசைப்பதைப் போன்றது இது.

மணிக்கட்டில் ஒரு குறுகிய வழி உண்டு. எலும்புகள் தரையாகவும் பக்கச் சுவர்களாகவும், ஒரு தடித்த நார்ப்பட்டை கூரையாகவும் அமைந்த இந்த வழிக்கு மணிக்கட்டுச் சுரங்கம் என்று பெயர். ஒன்பது தசைநாண்களும் நடு நரம்பும் இதன் வழியே நெருக்கியடித்துச் செல்கின்றன. சுரங்கத்தில் நெருக்கம் கூடினால் நரம்பு அழுந்தும், விரல்கள் மரத்துப்போகும், இரவில் குத்தும். கூரைப் பட்டையை வெட்டிவிட்டு நரம்பை விடுவிக்கும் சிறிய அறுவைச் சிகிச்சை, கை மருத்துவர்கள் அடிக்கடி செய்யும் ஒன்றாகும். இதைப் பற்றிப் பின்னால் மறுபடியும் பேசுவோம்.

கை வெறும் இடுக்கியன்று. அது ஒரு புலன் உறுப்பும் ஆகும். ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். கொண்டை ஊசி ஒன்றை வளைத்து, அதன் இரு மழுங்கிய முனைகளும் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்குமாறு அமையுங்கள். கண்ணை மூடிக்கொண்ட நண்பனின் விரல்நுனியில் இரு முனைகளையும் ஒரே நேரத்தில் மெல்ல வையுங்கள். "இரண்டு" என்பான். அதே ஊசியை முன்கையில் வைத்தால் "ஒன்று" என்பான். விரல்நுனியில் உணர்வு நரம்புகளின் முனைகள் அவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன. இதனால் கை நுட்பமான வேலைகளைச் செய்கிறது. இதனாலேயே கையில் ஏற்படும் காயம் கடுமையாக வலிக்கவும் செய்கிறது.

வலி ஒரு ரயில் பயணி

திருச்சியிலிருந்து கார்டு லைன் வழியாகச் சென்னைக்குச் செல்லும் வண்டி, விருத்தாசலம் சந்திப்பைக் கடந்துதான் செல்லவேண்டும். சந்திப்பில் கைகாட்டி இறங்காவிட்டால் வண்டி நிற்கும். வலியின் பயணமும் ஏறத்தாழ அப்படிப்பட்டதே.

விரலில் காயம் பட்டதும் சிதைந்த செல்களிலிருந்து பல வேதிப்பொருள்கள் வெளிப்படுகின்றன. புராஸ்டகிளாண்டின்கள் என்பவை அவற்றுள் ஒரு வகை. இவை நரம்பு முனைகளைக் கூர்மையாக்கிவிடுகின்றன. சாதாரணமாகத் தொட்டாலே வலிப்பது இதனால்தான். இது புறப்படும் நிலையம்.

அங்கிருந்து செய்தி மின் துடிப்பாக நரம்பின் வழியே செல்கிறது. இதில் விரைவு வண்டியும் உண்டு, பயணிகள் வண்டியும் உண்டு. மேலுறை பெற்ற மெல்லிய நரம்பிழைகள் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் செய்தியைக் கொண்டு செல்கின்றன. உறையற்ற இழைகள் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் செல்லும். சுத்தியல் விரலில் பட்டால் முதலில் 'சுரீர்' என்று ஒரு வலி. சற்றுப் பொறுத்து 'விண் விண்' என்று இன்னொரு வலி. இரண்டும் ஒரே அடியின் செய்திகளே. வந்த வண்டிகள்தாம் வேறு.

நரம்பு போய்ச் சேரும் இடம் தண்டுவடம். அதுவே நம் சந்திப்பு. 1965 ஆம் ஆண்டில் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்னும் இரு அறிஞர்கள், தண்டுவடத்தில் வலிச் செய்திக்கு ஒரு 'கதவு' இருக்கிறது என்ற கருத்தை வெளியிட்டார்கள். தொடு உணர்வைக் கொண்டுவரும் தடித்த இழைகள் மும்முரமாக இயங்கினால் அந்தக் கதவு ஓரளவு சாத்திக்கொள்ளும். முழங்கையை இடித்துக்கொண்டதும் நாம் அனிச்சையாகத் தேய்த்துவிடுகிறோமே, ஏன்? தேய்க்கும்போது தொடு உணர்வுச் செய்திகள் பெருகி வலிச் செய்தியை நெருக்கிவிடுகின்றன. அவர்கள் சொன்ன விவரங்கள் சில பிற்காலத்தில் திருத்தப்பட்டாலும், கதவு என்னும் அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது.

கடைசி நிலையம் மூளை. செய்தி அங்கே சேர்ந்த பிறகுதான் "வலிக்கிறது" என்று நாம் அறிகிறோம். அச்சமும் கவலையும் தூக்கமின்மையும் வலியைப் பெரிதாக்கிக் காட்டுவது இங்கேதான்.

ஆகவே வலியைத் தணிக்க மூன்று இடங்கள் இருக்கின்றன: காயம்பட்ட இடம், நரம்பு வழி, தண்டுவடமும் மூளையும். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் இனி வருபவை எளிதில் விளங்கும்.

கசகசாச் செடியின் பால்

குருமாவில் அரைத்து ஊற்றும் கசகசாவை எல்லோரும் அறிவோம். அந்தச் செடியின் முற்றாத காயைக் கீறினால் பால் வடியும். அது உறைந்து கருத்தால் அபின். மனிதன் பல ஆயிரம் ஆண்டுகளாக இதை வலிக்கும் தூக்கத்துக்கும் பயன்படுத்தி வந்திருக்கிறான்.

1805 ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மனியைச் சேர்ந்த சேர்ட்யூர்னர் என்னும் இளம் மருந்தாளர் அபினிலிருந்து அதன் வீரியமான பொருளைப் பிரித்தெடுத்தார். கனவுகளுக்குரிய கிரேக்கத் தெய்வமான மார்பியஸின் பெயரால் அது மார்பின் எனப்பட்டது. மார்பினைச் சற்று மாற்றிச் செய்த ஹெராயினை 1898 இல் ஒரு ஜெர்மன் நிறுவனம் இருமல் மருந்தாகவே விற்பனை செய்தது! அது எப்படிப்பட்ட கொடிய பழக்கத்தை உண்டாக்கும் என்பது சில ஆண்டுகளுக்குள் தெரிந்துவிட்டது.

மார்பின் எப்படி வேலை செய்கிறது? 1973 இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் ஆகியோர் நரம்பு செல்களில் மார்பின் வந்து பொருந்தும் ஏற்பிகள் இருப்பதைக் காட்டினார்கள். பூட்டுக்குள் சாவி பொருந்துவதைப் போல மார்பின் அங்கே பொருந்துகிறது. நம் உடலில் அபினுக்கென்று எதற்குப் பூட்டு? 1975 இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்சும் விடை கண்டார்கள். மூளையே மார்பினைப் போன்ற பொருள்களைச் சுரக்கிறது. பூட்டு அவற்றுக்காக ஏற்பட்டது. கசகசாச் செடியின் சாவி தற்செயலாக அதில் பொருந்திவிட்டது.

இந்தப் பூட்டுகள் தண்டுவடக் கதவில் இருக்கின்றன. ஆகவே வலி தணிகிறது. ஆனால் அவை இன்பம் உணரும் மூளைப் பகுதியிலும் இருக்கின்றன; ஆகவே "இன்னும் வேண்டும்" என்ற ஏக்கம் பிறக்கிறது. மூச்சை இயக்கும் மையத்திலும் இருக்கின்றன. ஆகவே அளவு மிஞ்சினால் மூச்சே நின்றுவிடும். குடலிலும் இருக்கின்றன, ஆகவே மலச்சிக்கல். தொடர்ந்து உட்கொண்டால் உடல் பழகிப்போய், அதே பலனுக்கு அதிக அளவு கேட்கும். ஒரு வேலைக்காக அனுப்பிய ஆள் ஊர்க் கதவுகளையெல்லாம் திறந்து பார்த்துவிட்டு வருவது போன்றது இந்த மருந்தின் போக்கு.

ஐந்து வாக்கியக் கடிதம்

1980 ஜனவரியில் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் ஐந்தே வாக்கியங்கள் கொண்ட கடிதம் வெளிவந்தது. ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் என்னும் இருவர் எழுதியது. மருத்துவமனையில் இருந்தபோது அபின் வகை மருந்தை ஒருமுறையாவது பெற்ற 11,882 நோயாளிகளின் குறிப்புகளை ஆராய்ந்ததில், முன்பு பழக்கம் இல்லாதவர்களில் 4 பேர் மட்டுமே அடிமையானதாகத் தெரிந்தது என்று அது கூறியது.

இதில் கவனிக்கவேண்டியது என்ன? அவர்கள் மருத்துவமனைக்குள், மருத்துவர் கண்காணிப்பில் மருந்து பெற்றவர்கள். வீட்டுக்கு மாத்திரைப் புட்டி கொடுத்தனுப்பினால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அந்தக் கடிதம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் "அபின் வகை மருந்துகளால் அடிமைப் பழக்கம் ஏற்படுவது அரிது" என்பதற்குச் சான்றாக அதைப் பலரும் எடுத்துக்காட்டினார்கள். 2017 இல் கனடா நாட்டு ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தபோது, 608 கட்டுரைகளில் அது மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. அவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, அதை அந்தத் தவறான பொருளிலேயே எடுத்தாண்டிருந்தன. மூலத்தைப் படிக்காமல் மேற்கோளை மட்டும் படித்தால் அறிவியலிலும் வதந்தி பரவும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

1996 இல் ஆக்ஸிகோடோன் என்னும் அபின் வகை மருந்து, மெல்ல மெல்லக் கரையும் மாத்திரையாக அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. பலமான விளம்பரம் நடந்தது. முதுகுவலிக்கும், பல் பிடுங்கியதற்கும், சிறு அறுவைக்கும்கூட இத்தகைய மாத்திரைகள் தாராளமாக எழுதிக் கொடுக்கப்பட்டன. அந்த மாத்திரையைத் தயாரித்த நிறுவனம் 2020 இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. மாத்திரையில் தொடங்கிய பழக்கம் பலரை ஹெராயினுக்கும், அதைவிட வீரியமான ஃபென்டானிலுக்கும் கொண்டு சென்றது. 2021 ஆம் ஆண்டில் மட்டும் அபின் வகைப் பொருள்கள் அளவு மிஞ்சியதால் அமெரிக்காவில் 80,000 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள்.

மாத்திரைகளை எண்ணியவர்கள்

இந்த நிலையில் கை அறுவை மருத்துவர்கள் ஒரு சாதாரணக் கேள்வியைக் கேட்டார்கள். நாம் எழுதிக் கொடுக்கும் மாத்திரைகளில் எத்தனையை நோயாளி உண்மையில் விழுங்குகிறார்?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜெஃப்ரி ராட்ஜர்ஸ் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் கையில் சிறு அறுவை செய்துகொண்டு அன்றே வீடு திரும்பிய 250 பேரிடம் விசாரித்தார்கள். முடிவு 2012 இல் வெளியாயிற்று. பெரும்பாலோர் இரண்டு நாள் அல்லது அதற்கும் குறைவாகவே மருந்து உட்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் சராசரி 19 மாத்திரைகள் மிஞ்சியிருந்தன. மொத்தம் 4,639 மாத்திரைகள் வீட்டு அலமாரிகளில் கிடந்தன!

பிலடெல்ஃபியா நகரில் ஆசிஃப் இலியாஸ் என்னும் கை அறுவை மருத்துவரும் அவருடைய தோழர்களும் இதையே இன்னும் விரிவாகச் செய்தார்கள். 2016 இல் வெளியான அவர்கள் ஆய்வில் 1,416 நோயாளிகள் இடம்பெற்றார்கள். எழுதிக் கொடுத்தது சராசரி 24 மாத்திரை. உட்கொண்டது சராசரி 8. நீங்களே கணக்குப் போடுங்கள். ஒருவருக்கு 16 வீதம் 1,416 பேருக்கு 22,000 மாத்திரைகளுக்கு மேல் தேவையின்றி வழங்கப்பட்டிருக்கின்றன.

மிஞ்சிய மாத்திரை சும்மா இருப்பதில்லை. இத்தகைய மாத்திரைகளைத் தவறாகப் பயன்படுத்துவோரில் பலருக்கு அவை கிடைப்பது நண்பர், உறவினர் வீடுகளிலிருந்துதான் என்று அமெரிக்காவில் எடுத்த கணக்குகள் காட்டின. அவர்களில் உங்கள் வயது மாணவர்களும் இருந்தார்கள். வலியே இல்லாத ஒருவர் கையில் வலி மருந்து போய்ச் சேர்ந்தது.

அடுத்த கேள்வி, இந்த மருந்து தேவைதானா என்பது. மணிக்கட்டுச் சுரங்க அறுவை செய்துகொண்டவர்களை இலியாஸ் குழுவினர் மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஆக்ஸிகோடோன், இன்னொன்றுக்கு இபுப்ரோஃபென், மூன்றாவதற்குப் பாரசிட்டமால். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது. ஆய்வு செய்பவருக்கும் தெரியாது. இரு தரப்பும் அறியாத இத்தகைய சோதனையில் மனச்சாய்வு நுழைய இடமில்லை. 2018 இல் வெளியான முடிவு, மூன்று பிரிவினரின் வலியிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது.

காரணத்தை நீங்களே ஊகிக்கலாம். 1971 இல் ஜான் வேன் என்னும் பிரிட்டிஷ் அறிஞர், ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் புராஸ்டகிளாண்டின் உண்டாவதையே தடுக்கின்றன என்று கண்டார். 1982 இல் நோபல் பரிசு பெற்றோருள் இவரும் ஒருவர். இபுப்ரோஃபெனும் இதே வகையைச் சேர்ந்தது. புறப்படும் நிலையத்திலேயே கூட்டம் குறைந்துவிட்டால், சந்திப்பில் கதவடைக்கும் வேலை ஏது?

சொல்லும் ஒரு மருந்து

இதே குழுவினரின் 2017 ஆய்வு ஒன்று மேலும் வியப்பூட்டுவது. மணிக்கட்டுச் சுரங்க அறுவைக்கு வந்த 40 பேருக்கும் தலைக்கு 10 மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினரிடம் மட்டும் அறுவைக்கு முன்பே உட்கார்ந்து பேசினார்கள். வலி எப்படி வரும், எத்தனை நாளில் குறையும், மாத்திரையால் என்ன தீங்கு, எப்போது எடுக்கவேண்டும் என்பதையெல்லாம் விளக்கினார்கள். பேசாத பிரிவினர் சராசரி 4.2 மாத்திரை உட்கொண்டார்கள். பேசிய பிரிவினரோ 1.4 மட்டுமே! மூன்றில் ஒரு பங்கு! பேசியதற்குச் செலவு சில நிமிடங்கள். அச்சம் குறைந்தால் கடைசி நிலையமான மூளையிலேயே வலி சிறுத்துவிடுகிறது.

கம்பியிலேயே தடுத்தல்

நரம்பு வழி மிச்சமிருக்கிறது. கை மருத்துவர்களுக்கு இதில் ஓர் இயற்கை வசதி உண்டு. கையின் நரம்புகளெல்லாம் கழுத்திலிருந்து காறை எலும்பைக் கடந்து, ஒரு கற்றையாகத் தோளுக்குள் இறங்குகின்றன. அந்தக் கற்றையைச் சுற்றி மரப்பு மருந்தைச் செலுத்தினால் கை முழுவதும் மரத்துவிடும், மனிதரோ விழித்திருப்பார். 1911 இல் குலன்காம்ப் என்னும் ஜெர்மன் மருத்துவர் காறை எலும்புக்கு மேலே இந்த ஊசியைத் தம்மீதே சோதித்துக் காட்டினார்.

இத்துறையின் தொடக்கத்தில் ஒரு துயரக் கதையும் உண்டு. 1884 இல் நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் பெரும் அறுவை மருத்துவர், நரம்பை மரக்கச் செய்யக் கோக்கெய்னைத் தம்மீதே சோதித்து அதற்கு அடிமையானார். அதிலிருந்து மீட்பதற்காக மார்பின் கொடுத்தார்கள். மார்பின் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. 1943 இல் ஸ்வீடனைச் சேர்ந்த நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கிய லிக்னோகெய்ன் அந்த ஆபத்தை நீக்கியது. பல் மருத்துவரிடம் நீங்கள் போட்டுக்கொள்ளும் மரப்பு ஊசி பெரும்பாலும் இதுதான். இது நரம்பிழையில் சோடியம் அயனிகள் நுழையும் வாயிலை அடைக்கிறது. மின் துடிப்பு மேலே நகர முடியாது. தண்டவாளமே பெயர்ந்திருக்கும்போது வண்டி எப்படி ஓடும்?

இம்மருந்துடன் அட்ரினலின் சேர்த்தால் ரத்தக் குழாய்கள் சுருங்கும், மருந்து அடித்துச் செல்லப்படாமல் நெடுநேரம் நிற்கும், ரத்தப்போக்கும் குறையும். ஆனால் "விரலில் அட்ரினலின் போடாதே, விரல் அழுகிவிடும்" என்று பாடநூல்கள் பல்லாண்டுகளாக எச்சரித்து வந்தன. கனடாவின் டொனால்ட் லலாண்டும் அவர் தோழர்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். விரலிலும் கையிலும் அட்ரினலின் செலுத்திய 3,110 நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து கவனித்து 2005 இல் வெளியிட்டார்கள். ஒரு விரல்கூட அழுகவில்லை. இன்று பல அறுவைகள் நோயாளி முழுதும் விழித்திருக்க, இறுக்குப்பட்டை கட்டாமலே நடைபெறுகின்றன. தைத்த தசைநாண் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, "விரலை மடக்குங்கள்" என்று மேசையிலேயே கேட்டுவிடலாம். மரப்பு நீங்குவதற்கு முன்பே சாதாரண வலி மாத்திரையைத் தொடங்கிவிட்டால் முதல் இரவின் கடுமை பெரிதும் குறையும்.

அச்சுக்கும் கட்டுக்கும் ஒரே மாவு

மாத்திரையே அல்லாத இரு மருந்துகள் உண்டு. முதலாவது, கையை இதயத்துக்கு மேல் உயர்த்தி வைத்தல். நீர் பள்ளத்தை நோக்கித்தானே ஓடும்? கையைத் தொங்கவிட்டால் வீங்கும். வீங்கினால் விண்விண்ணென்று தெறிக்கும்.

இரண்டாவதை விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் காணலாம். அது பாரீஸ் சாந்து. ஜிப்சத்தைச் சூடாக்கி அதன் நீரில் நான்கில் மூன்று பங்கை ஓட்டினால் கிடைக்கும் வெண்மாவு இது. தண்ணீரோடு சேர்ந்ததும் மறுபடி ஜிப்சமாக மாறிக் கெட்டியாகிவிடும். கெட்டியான சாந்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். அந்தத் துளைகள் களிமண் கூழிலிருந்து நீரை உறிஞ்சுவதால்தான் அச்சின் சுவரில் பொம்மை உருவாகிறது. இதே மாவைத் துணிப்பட்டியில் தடவிக் கட்டும் முறையை டச்சு ராணுவ மருத்துவர் மாத்திசென் 1852 இல் வெளியிட்டார். முறிந்த எலும்பும் தைத்த தசைநாணும் அசையாதிருந்தால் பாதி வலி தானே அடங்கிவிடும்.

வலியை முற்றும் அழிக்கலாமா?

கூடாது என்று சொன்னவர் தமிழ்நாட்டில் பிறந்த ஒரு கை மருத்துவர். டாக்டர் பால் பிராண்ட் 1914 இல் பிறந்தார். 1946 இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தினார். தொழுநோயால் விரல்கள் தாமே உதிர்வதாக அப்போது பலரும் நம்பினர். பிராண்ட் கூர்ந்து கவனித்து உண்மையைக் கண்டார். நரம்பு செத்ததால் வலி இல்லை. வலி இல்லாததால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள். ஆணி குத்தினாலும் தெரிவதில்லை. உறங்கும்போது எலி கடித்தாலும் விழிப்பதில்லை. விரல்களை அழித்தவை பெரும்பாலும் இக்காயங்களே. வலி ஒரு கொடை என்று அவர் பிற்காலத்தில் எழுதினார்.

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி 1971 இல் கைக்காயங்களுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். சாய்வாக வெட்டுப்பட்ட விரல்நுனியை, அதே விரலின் தோலை நரம்போடும் ரத்தக் குழாயோடும் முக்கோணமாக நகர்த்தி மூடும் முறையை அவரும் அவருடைய தோழரும் 1980 இல் வெளியிட்டார்கள். புண்ணை மூடினால் மட்டும் போதாது, உணர்வும் திரும்பவேண்டும் என்பதே அதன் நோக்கம். உணர்வு திரும்பினால்தான் கை மறுபடியும் கருவியாகும்.

வலிக்கு இன்னொரு கடமையும் உண்டு. மாவுக்கட்டு இறுகிவிட்டாலோ, உள்ளே வீக்கம் பெருகிவிட்டாலோ முதலில் எச்சரிப்பது வலிதான். கட்டுப் போட்ட பிறகு வலி நேரத்துக்கு நேரம் ஏறினாலும், விரல்கள் மரத்தாலும், நீலம் பாய்ந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டும். அப்போது மாத்திரை விழுங்கிவிட்டுப் படுப்பது தீயணைப்பு மணியின் நாக்கைக் கட்டிவைப்பதற்குச் சமம்.

மறுபக்கம்

இதையெல்லாம் படித்துவிட்டு, மார்பினே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது மற்றொரு தவறு. நம் நாடு செய்த தவறு. மருத்துவத்துக்காக அபின் பயிரிட உரிமம் தரும் மிகச் சில நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. ஆயினும் 1985 ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டத்துக்குப் பிறகு, உரிமங்களின் சிக்கலாலும் தண்டனை அச்சத்தாலும் மருத்துவமனைகள் மார்பினை வைத்துக்கொள்ளத் தயங்கின. புற்றுநோயால் துடித்தவர்களுக்கும் அது கிடைக்கவில்லை. 1993 இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் அவருடைய தோழர்களும் வலித் தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, முறையான கண்காணிப்பில் மார்பினைப் பாதுகாப்பாக வழங்கமுடியும் என்று காட்டினார்கள். நெடிய முயற்சிக்குப் பின் 2014 இல் சட்டம் திருத்தப்பட்டது. அதே வேளையில், கடைகளில் எளிதாகக் கிடைத்து வந்த டிராமடால் என்னும் அபின் வகை மாத்திரை 2018 இல் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது.

இரண்டும் முரண்பாடா? இல்லை. விரலில் தையல் போட்டுக்கொண்டவருக்கு 24 மாத்திரை கொடுத்ததும், புற்றுநோயாளிக்கு ஒரு மாத்திரையும் கொடுக்காததும் ஒரே தவற்றின் இரு முகங்கள். இரண்டு இடத்திலும் யாரும் நோயாளியைக் கேட்கவில்லை, அளந்து பார்க்கவில்லை.

கை மருத்துவர்கள் புதிய மருந்து எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. பழைய மருந்துகளைச் சரியான நிலையத்தில், சரியான நேரத்தில் கொடுத்தார்கள். நோயாளியிடம் பேசினார்கள். மிஞ்சியதை எண்ணினார்கள். எண்ணுவதற்கு ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும்.

நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. வீட்டில் யாருக்கேனும் அறுவைச் சிகிச்சை நடந்தால், கொடுத்த வலி மாத்திரை எது, எத்தனை நாளைக்கு, எப்போது நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேட்டுக் குறித்துவையுங்கள். ஒருவருக்கு எழுதிய மாத்திரையை மற்றொருவர் உட்கொள்ள விடாதீர்கள். பாரசிட்டமாலானாலும் அளவு மிஞ்சினால் ஈரலைக் கெடுக்கும். இபுப்ரோஃபென் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும். வலி நின்றபின் அலமாரியில் மிஞ்சியிருப்பவற்றை எண்ணிப் பெற்றோரிடம் காட்டுங்கள். அவற்றை என்ன செய்வதென்று மருத்துவரையோ மருந்தாளரையோ கேட்டு அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.